கற்பவரின் பொழுது யாருடையது?

வேலைக்குச் சென்று குடும்பத்தையும் நடத்தும் ஒருவர், தம் ஆங்கிலத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்பதை நன்கு உணர்ந்திருந்தும் அதை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும்போது சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: நேரமில்லை. மனமிருந்தால் நேரம் தானே வரும் என்று சொல்லி அதைச் சோம்பலின் மறுபெயராகக் கொள்வோர் ஒருசாரார். பாவம், அவர்தாம் என்ன செய்வார் என்று இரங்கி அத்துடன் விட்டுவிடுவோர் மறுசாரார். ஒருவருடைய பொழுது உண்மையில் அவருக்கே உரிய உடைமையா, அல்லது பலருடைய இசைவினால் அவர் கைக்கு வந்து சேரும் பொருளா என்னும் கேள்வியை இரு சாராருமே எழுப்புவதில்லை. எது செய்யத்தக்கது, செய்யாமற் போனால் அதற்கு யார் பொறுப்பு என்று ஆராயும் ஒழுக்கவியலுக்கு உரிய கேள்வி இது. கல்வியை வீடுபேற்றோடு இணைத்துப் பேசிய சமய மரபுகளும் இதை வெவ்வேறு வகையில் தொட்டிருக்கின்றன.

பொழுது அவரவர் உடைமை என்னும் கொள்கையைக் கூர்மையாக எடுத்துரைத்தவர், கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமைப் பேரரசில் வாழ்ந்த செனெகா. நம் ஆளுகைக்கு உட்பட்டவை எவை, உட்படாதவை எவை என்று பகுத்து, உட்பட்டவற்றில் மட்டுமே மனத்தைச் செலுத்த வேண்டும் என்று கற்பித்த ஸ்டோயிக் மரபைச் சேர்ந்தவர் அவர். வாழ்நாளின் குறுமையைப் பற்றி அவர் எழுதிய சிறுநூல், வாழ்நாள் குறுகியதன்று, அதை வீணடிப்பதாலேயே குறுகியதாகத் தோன்றுகிறது என்று வாதிடுகிறது. தம் நிலத்தின் எல்லையைப் பிறர் சற்றே தாண்டினாலும் சண்டைக்கு நிற்கும் மனிதர், தம் பொழுதைக் கேட்டவருக்கெல்லாம் வாரிக் கொடுத்துவிடுகின்றனர் என்று அது கடிந்துகொள்கிறது. உரோமை நகரின் தானிய வரத்தைக் கண்காணித்த பாலினஸ் என்னும் உயர் அலுவலரை நோக்கி எழுதப்பட்ட அந்நூலின் இறுதிப் பகுதியில், கணக்கையும் களஞ்சியத்தையும் விட்டுவிட்டு மெய்யறிவின் பக்கம் திரும்புமாறு செனெகா அவரை அழைக்கிறார். அந்த வேலையைப் பார்க்க வேறு உழைப்பாளிகள் கிடைப்பார்கள் என்றும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார். அந்த வேறு உழைப்பாளிகளின் பொழுது என்னவாகும் என்பது அந்நூலுக்குக் கேள்வியாகவே படவில்லை.

அவருக்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு முன்பு வாழ்ந்த அரிஸ்டாட்டில் இதில் ஒளிவுமறைவு இல்லாதவர். நற்பண்பு வளர்வதற்கு ஓய்வு வேண்டும், ஆகவே குடியுரிமை உடையோர் கைவினைஞராகவோ வணிகராகவோ உழவராகவோ இருத்தலாகாது என்று தம் அரசியல் நூலில் எழுதிய அவர், அவ்வோய்வைத் தாங்கி நிற்பது அடிமைகளின் உழைப்பு என்பதை மறைக்கவில்லை. அடிமை முறையை அவர் நியாயப்படுத்தியது கண்டிக்கத்தக்கதே. ஆயினும் ஒருவர் அமர்ந்து படிக்கும் ஒரு மணி நேரத்துக்குள் இன்னொருவருடைய உழைப்பு ஒளிந்திருக்கிறது என்ற உண்மை, அறிவுரை கூறும் செனெகாவைவிட அநீதியை ஏற்கும் அரிஸ்டாட்டிலிடமே தெளிவாக வெளிப்படுகிறது.

இக்கேள்வியைத் தம் உடலைக் கொண்டே சோதித்துப் பார்த்தவர் பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய். ஆசிரியப் பணியிலிருந்து விடுப்பெடுத்து 1934ஆம் ஆண்டின் இறுதி முதல் 1935 வரை பாரிசுத் தொழிற்சாலைகளில் கூலி வேலை செய்த அவர், களைப்பு மிகும்போது சிந்திப்பதையே நிறுத்திவிடலாம் என்ற ஆசை எவ்வளவு வலுவாக எழுகிறது என்பதைத் தம் ஆலைக் குறிப்புகளில் பதிந்தார். அதே வெய், 1942இல் பள்ளிப் படிப்பையும் இறைவழிபாட்டையும் இணைத்து எழுதிய கட்டுரையில், களைப்பற்ற மனத்தோடு ஊன்றிக் கவனிக்கும் இருபது நிமிடம், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு முயலும் மூன்று மணி நேரத்தைவிட எவ்வளவோ மேலானது என்கிறார். இவ்விரு கூற்றுகளையும் சேர்த்துப் பார்த்தால் நேரமின்மை என்பதன் உண்மையான பொருள் தெளிவாகும். வேலை செய்யும் ஒருவருக்கு நாளொன்றுக்கு இருபது நிமிடம் இல்லாமல் இல்லை. களைப்பற்ற இருபது நிமிடம்தான் இல்லை. பேருந்தில் தொங்கிக்கொண்டு போகும் நேரமும் இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்த பின் எஞ்சும் நேரமும் கடிகாரத்தின் கணக்கில் நேரமே ஆனாலும் கற்பதற்கு உதவும் நேரமாவதில்லை.

பொதுவாகப் பேசுவதை விட்டு ஒரு துறையை எடுத்து நோக்குவது நல்லது. தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் பணிபுரியும் செவிலியருள் பலர் பிரிட்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ அயர்லாந்துக்கோ செல்ல விரும்பி ஓ.ஈ.டி. எழுதுகின்றனர், மருத்துவம் சார்ந்த பணியாளர்களின் ஆங்கிலத்தை அளப்பதற்கென்றே ஆஸ்திரேலியாவில் தோன்றிய தேர்வு அது. பிரிட்டனின் செவிலியர் பதிவு மன்றம் இத்தேர்வில் வாசிப்பு, கேட்டல், பேச்சு ஆகிய மூன்றிலும் 'பி' தரத்தையும் எழுத்தில் 'சி ப்ளஸ்' தரத்தையும் எதிர்பார்க்கிறது. இத்தேர்வுக்கு ஆயத்தமாகும் ஒரு செவிலியருக்கு ஆங்கிலம் புதியதன்று. அவர் நர்சிங் படித்ததே ஆங்கிலத்தில். கேஸ் ஷீட் எழுதுவதும், டூட்டி முடியும்போது அடுத்த ஷிப்டில் வருபவருக்கு ஹேண்டோவர் கொடுப்பதும் பாதிக்குமேல் ஆங்கிலச் சொற்களால்தான். ஆனால் நோயாளியின் கட்டிலருகே சென்றதும் அவர் பேசுவது தமிழ்: வலி எப்போது ஆரம்பித்தது, குத்துகிறதா, எரிகிறதா, மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டீர்களா என்று அவர் கேட்கும் ஒவ்வொன்றும் பல ஆண்டுப் பழக்கத்தில் தேய்ந்து மெருகேறிய பேச்சு. ஓ.ஈ.டி.யின் பேச்சுத் தேர்வு சோதிப்பது துல்லியமாக இந்தப் பேச்சையே. ஒரு சீட்டில் நோயாளியின் நிலைமை தரப்படும். மூன்று நிமிடம் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, நோயாளியாக நடிப்பவரோடு ஐந்து நிமிடம் உரையாட வேண்டும். இவ்வாறு இரு முறை. மருத்துவக் கலைச்சொல்லை அடுக்குவோர்க்கு அங்கு மதிப்பில்லை; பயந்திருப்பவரை அமைதிப்படுத்தி, அவருக்குப் புரியும் எளிய சொல்லில் விளக்குவோர்க்கே மதிப்பு. தமிழில் நாள்தோறும் திறம்படச் செய்யும் காரியம் ஒன்றை ஆங்கிலத்தில் செய்ய முடியாமல் நாக்குத் தடுமாறுவது எவ்வளவு துன்பம் தரும் என்பதை, வெறும் இலக்கணப் பிழையோடு போராடும் மாணவர் அறியார்.

இத்தகையவருக்கு எவ்வளவு நேரம் தேவைப்படும் என்பதற்கு ஓரளவு கணக்கு உண்டு. ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறுவதற்கு வழிகாட்டலுடன் கூடிய படிப்பு ஏறத்தாழ 200 மணி நேரம் வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு நிறுவனத்தின் மதிப்பீடு. நாளுக்கு அரை மணி நேரம் தவறாமல் படித்தால் ஓராண்டுக்கு மேல் ஆகும். இதிலே கடினமானது அரை மணி நேரமன்று, தவறாமல் என்னும் சொல்லே. பதஞ்சலியின் யோக சூத்திரம், மனம் ஒன்றில் நிலைகொள்வதற்கான முயற்சியை அப்பியாசம் என்று பெயரிட்டு, அது வேர்கொள்வதற்கு மூன்று நிபந்தனைகளை விதிக்கிறது: நெடுங்காலம் செய்தல், இடைவிடாது செய்தல், மதிப்போடு செய்தல். முதல் நிபந்தனை கற்பவரின் பொறுமையைப் பொறுத்தது என்று கொள்ளலாம். இரண்டாவது அவ்வாறன்று. இந்த வாரம் காலை ஷிப்டும் அடுத்த வாரம் நைட் டூட்டியும் என்று ரோஸ்டர் மாறிக்கொண்டே இருக்கும் ஒருவர் இடைவிடாமையைத் தாமே உண்டாக்கிக்கொள்ள இயலாது. இன்சார்ஜ் சிஸ்டர் அந்த ரோஸ்டரை எழுதும் விதத்திலும், வீட்டில் இரவுச் சமையலை யார் ஏற்கிறார் என்பதிலும், மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இசைகிறாரா என்பதிலும் அது தங்கியிருக்கிறது. மூன்றாவது நிபந்தனையாகிய மதிப்பும் தனிமனிதரின் உள்ளத்தில் மட்டும் விளைவதில்லை. இந்த வயதில் இது எதற்கு என்று நாள்தோறும் கேட்கும் வீட்டில் அமர்ந்து தம் முயற்சியை மதித்துக்கொண்டிருப்பது, யோகியர்க்கும் எளிதாக இருந்திருக்காது.

ஆகவே நேரம் என்றும் துணை என்றும் இரண்டு வேறு தேவைகளைப் பிரித்துப் பேசுவது பிழையான பிரிப்பு. வயதுவந்தவரின் கல்வியில் துணையே நேரமாக உருமாறுகிறது. கற்பவருக்குக் கிடைக்கும் ஒவ்வோர் அரை மணியும் இன்னொருவர் தம் பொழுதிலிருந்து எடுத்துக் கொடுத்தது. இதை ஏற்றுக்கொண்டால் நேரமில்லை என்ற சொல் கற்பவரின் குற்ற ஒப்புதலாக இராமல், அவரைச் சுற்றியிருப்போரின் கடமையைச் சுட்டுவதாக மாறும். செனெகாவின் அறிவுரை முற்றிலும் பொய்யன்று. கைப்பேசித் திரையில் கரையும் பொழுதை அவரிடம் காட்டியிருந்தால் இன்னொரு நூல் எழுதியிருப்பார். ஆயினும் அவருடைய அறிவுரை தம் பொழுதுக்குத் தாமே உரிமையாளராக இருக்கும் ஒருவருக்கு மட்டுமே முழுமையாகப் பொருந்தும்.

தமிழ்க் கல்வி மரபு கற்றலைத் தொடக்கம் முதலே இருவருக்கு இடையிலான, பலருக்கு இடையிலான செயலாகக் கண்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் சமண முனிவர் பவணந்தி, தம் நன்னூலின் பாயிரத்தில், அதாவது நூலுக்கு முன்னுரையாக அமைந்த பகுதியில், மாணவரின் தேர்ச்சியை நான்கு கால்களாகப் பங்கிடுகிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு செம்மையாக உள்வாங்கினாலும் கிட்டுவது ஒரு காற்பங்கே. உடன் கற்பவரோடு பழகிப் பயில்வதால் இன்னொரு காற்பங்கு கிட்டும். எஞ்சிய பாதி, தாம் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதால் நிறையும். தனியே அமர்ந்து மனப்பாடம் செய்யும் நேரத்துக்கு இக்கணக்கில் தனிப் பங்கு ஒதுக்கப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. ஆங்கிலம் தேற்ற விரும்பும் பெரியவர் முதலில் தேடுவது ஒரு வகுப்பு அல்லது ஒரு செயலி. அதாவது முதற் காற்பங்கு. சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துச் சேர்ந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் ஆறு மாதம் கழிந்த பிறகும் பேச்சு வரவில்லை என்று நொந்துகொள்வோர், பவணந்தியின் கணக்குப்படி முக்காற்பங்கைத் தொடாமலே முழுமையை எதிர்பார்த்தவர்கள். செவிலியர் விடுதியில் நைட் டூட்டிக்குப் புறப்படும் முன் இருவர் அமர்ந்து, ஒருவர் அறுவை சிகிச்சைக்கு அஞ்சும் முதியவராகவும் மற்றவர் செவிலியராகவும் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் பார்ப்பதற்குக் கட்டணம் ஏதுமில்லை. ஆனால் அதற்கு இருவரும் ஒருவர் பிழையை மற்றவர் பார்க்க இசைய வேண்டும். அங்கேதான் தடை எழுகிறது.

அந்தத் தடையின் பெயர் கூச்சம். வயதுவந்தவரின் கல்வியில் காலத்தைவிடக் கொடிய தடை இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது. மேலே கண்ட செனெகாவே தம் கடிதம் ஒன்றில், அரிச்சுவடி கற்கும் கிழவர் நகைப்புக்கு உரியவர் என்று எழுதினார். பிறிதொரு கடிதத்தில், தாம் முதிய வயதில் ஒரு மெய்யியலாளரின் வகுப்புக்குப் போய் அமர்வதைச் சொல்லி, அறியாமை உள்ளவரை கற்க வேண்டும், அதில் வெட்கம் எதற்கு என்றும் எழுதினார். ஒரே மனிதரிடம் இவ்விரண்டும் இருந்தது வியப்பன்று. நடுவயதில் ஆங்கிலம் கற்பவர் ஒவ்வொருவருள்ளும் இவ்விரு செனெகாக்களும் வழக்காடிக்கொண்டே இருக்கின்றனர். அதிலும் இந்தியாவில் ஆங்கிலம் வெறும் மொழியாக மட்டும் இருப்பதில்லை. எந்தப் பள்ளியில் படித்தவர், எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்பதை ஒருவரின் உச்சரிப்பைக் கொண்டே எடைபோடும் பழக்கம் இங்கு உள்ளதால், ஆங்கிலத்தில் செய்யும் பிழை இலக்கணப் பிழையாக நின்றுவிடாமல் பிறப்பையும் வளர்ப்பையும் காட்டிக்கொடுக்கும் சான்றாக அஞ்சப்படுகிறது.

பிருகதாரணியக உபநிடதம் இக்கூச்சத்தை ஒரு குடும்பக் கதையாக வைத்திருக்கிறது. சுவேதகேது என்னும் இளைஞனிடம் பாஞ்சால அரசன் பிரவாகண ஜைவலி ஐந்து கேள்விகளைக் கேட்கிறான்; ஒன்றுக்கும் விடை தெரியாத இளைஞன் சினத்தோடு வீடு திரும்பித் தந்தையைக் குறைசொல்கிறான். தமக்கும் அவை தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் தந்தை, இருவருமாக அந்த அரசனிடம் சென்று மாணவராக இருப்போம் என்று அழைக்கும்போது, நீங்களே போங்கள் என்று மகன் ஒதுங்கிவிடுகிறான். வயதில் மூத்தவரும், பலருக்குக் கற்பித்தவரும், கற்பிக்கும் உரிமை தம் குலத்துக்கே என்று கருதிய சமூகத்தைச் சேர்ந்தவருமான அந்தத் தந்தை தனியே சென்று, முறைப்படி மாணவர் என்று சொல்லி அரசன்முன் நிற்கிறார். இளைஞனுக்கு நேரமும் இருந்தது, துணையும் இருந்தது. நிற்பதற்கு மனம் மட்டும் இல்லை. செல்வர்முன் வறியவர் ஏங்கி நிற்பது போலக் கற்றவர்முன் நின்றேனும் கற்க வேண்டும் என்று வள்ளுவர் கல்வி அதிகாரத்தில் சொன்னதும், வழிபட்டு நிற்கும் நிலையை வெறுக்காமல் கற்க வேண்டும் என்று ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய மன்னன் புறநானூற்றுப் பாடல் ஒன்றில் சொன்னதும் இந்நிலையைப் பற்றியே. முடியணிந்த ஒருவரின் வாயிலிருந்து வந்த அறிவுரை என்பதால் பின்னதற்குத் தனி எடை உண்டு.

இவை அனைத்தையும்விட இன்றைய வீடுகளுக்கு நெருக்கமானது கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையின் தலபுராணம், அதாவது அத்தலத்தின் பெருமையைக் கூறும் புராணக் கதை. ஓங்காரத்தின் பொருள் தெரியாத பிரமனைச் சிறையிட்ட முருகனிடம், உனக்கு அது தெரியுமா என்று சிவபெருமான் கேட்க, கேட்கும் முறைப்படி கேட்டால் சொல்வேன் என்று பிள்ளை நிபந்தனை விதித்தான். தந்தை மாணவராக அடங்கி நின்று செவிசாய்த்தார். தமிழ் ஆண்டுகள் அறுபதையும் குறிக்கும் அறுபது படிகளை ஏறிச் சென்று அங்கு வணங்குவோர், இதனால் முருகனுக்கு வந்த தகப்பன்சாமி என்ற பெயரைச் செல்லப் பெயராகவே பெரும்பாலும் கொள்கின்றனர். மெய்யியல் நோக்கில் அக்கதையில் ஒரு சிக்கல் உண்டு: எல்லாம் அறிந்தவர் எதைக் கற்க இயலும்? இறைவன் அறியாதது ஏதுமில்லை, கேட்கும் முறையை உலகுக்குக் காட்டவே அவர் அவ்வாறு நின்றார் என்று பக்தர்கள் விடை கூறுவர். அவ்விடையை ஏற்றால், அக்கதையில் போற்றப்படுவது கிடைத்த அறிவைவிடக் கேட்ட நிலையே என்றாகிறது. ஆங்கில வழிப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் மகளிடம், இந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது என்று கேட்கத் தயங்கும் தாய்மாரும் தந்தைமாரும் சுவாமிமலைக்குப் போய் வந்தவர்களே. கேட்டால் பிள்ளையின் மதிப்பில் தாழ்ந்துவிடுவோம் என்பது அவர்களின் அச்சம். பிள்ளையோ பெரும்பாலும் மகிழ்கிறது. சில வேளை சிரித்தும்விடுகிறது. அந்தச் சிரிப்பைப் பொறுத்துக்கொள்ளும் ஆற்றல், இறந்தகால வினைவடிவங்களை மனப்பாடம் செய்யும் ஆற்றலைவிட அரிது. மேலும், பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கும் அப்பிள்ளை நன்னூலின் கணக்குப்படி தன் கல்வியின் பின்பாதியை நிரப்பிக்கொள்கிறது என்பதால், இதில் இழப்பவர் எவருமில்லை.

பிழைப்புக்காக, வெளிநாட்டு வேலைக்காக ஒரு மொழியைத் தேற்றிக்கொள்வதை உபநிடதங்களோடும் தலபுராணத்தோடும் சேர்த்துப் பேசுவது தகுமா என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே, ஆனால் அதற்கான விடையும் பழைய நூல்களிலேயே உள்ளது. முண்டக உபநிடதம் அறிவைப் பரை, அபரை என இரண்டாக்குகிறது. அழியாத மெய்ப்பொருளை உணர்த்துவது பரை, மற்றவை அபரை. அபரையின் பட்டியலில் நான்கு வேதங்களோடு ஒலிப்பு முறையும் இலக்கணமும் சொற்பொருள் ஆராய்ச்சியும் யாப்பும் இடம்பெறுகின்றன. மொழிக் கல்வி கீழ்ப்படியைச் சேர்ந்தது என்றாலும், வேதமே அதனோடு அதே படியில் நிற்கும்போது அது இழிவென்று கொள்ள இடமில்லை. இரண்டையும் அறிய வேண்டும் என்பதே அவ்வுபநிடதத்தின் வாக்கு. இதைக் கேட்டு அறிந்தவர் சௌனகர். அவர் காட்டில் தனித்திருந்த துறவியல்லர். பெரிய இல்லத்தை நடத்தியவர் என்றே நூல் அவரை அறிமுகப்படுத்துகிறது. இல்லத்தாரின் கேள்வி என்பதாலேயே பட்டியல் தேவைப்பட்டது போலும். கல்விக்குக் கரையில்லை, கற்பவருக்கோ நாள் சில, அந்தச் சில நாளிலும் நோய்கள் பல என்று நாலடியார் வருந்துவதும், ஆகவே தெரிந்தெடுத்துக் கற்க வேண்டும் என்று அது முடிவுசெய்வதும் இல்லத்தாருக்கே பெரிதும் பொருந்தும். செவிலியர் ஒருவருக்குச் செய்தித்தாள் ஆங்கிலமும் நாவல் ஆங்கிலமும் இப்போதைக்கு வேண்டியதில்லை. கட்டிலருகே பேசும் ஐந்து நிமிட ஆங்கிலமும், நோயாளியை இன்னொரு மருத்துவரிடம் அனுப்பும்போது எழுதும் இருநூறு சொல் கடிதமும் போதும். கணக்கராக இருப்பவருக்கும் கடை நடத்துபவருக்கும் அவரவர் ஐந்து நிமிடம் வேறாக இருக்கும்.

எஞ்சி நிற்பது கடன் பற்றிய கேள்வி. தேர்வு நெருங்கும் இரு வாரமும் தம் தோழிக்காக நைட் டூட்டியை ஏற்றுக்கொண்ட செவிலியருக்கு அந்தத் தோழி என்ன கடன்பட்டிருக்கிறார்? தேர்ச்சி பெற்றதும் அவர் விமானம் ஏறிவிடுவார். டூட்டியைத் திருப்பித் தர இயலாது. அவரை அனுப்பிய வார்டில் ஆள் குறைந்து, எஞ்சியோரின் சுமைதான் கூடும். பெற்றதைப் பெற்ற இடத்திலேயே திருப்பித் தர வேண்டும் என்ற கணக்கில் இது தீராது. ஆசிரியருக்குப் பட்ட கடனை அடுத்த மாணவருக்குக் கற்பித்தும் தீர்க்கலாம். இங்கும் அவ்வழி திறந்திருக்கிறது: தேர்ச்சி பெற்றவர் லீட்ஸிலிருந்தோ டப்ளினிலிருந்தோ வாரம் ஒரு மாலை கைப்பேசியில் அழைத்து, இரு வாரம் தமக்காகக் கண்விழித்தவரோடு நோயாளியாக நடித்துப் பேசலாம். ஆனால் அதற்கும் அங்கே ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் அவரிடம் ஓர் அரை மணி மிஞ்ச வேண்டும். அந்த அரை மணியை அவருக்கு எடுத்துத் தரப்போவது யார் என்பது அந்த ஊர் வீட்டின், அந்த ஊர் ரோஸ்டரின் பொறுப்பு.